வைல்ட்கேட் தோட்டாக்களும் அவற்றைப் பெற்றெடுத்த பட்டறைகளும்

கேள்வி இதுதான்: வைல்ட்கேட் தோட்டா என்கிறார்களே, அது என்ன? வின்செஸ்டர், ரெமிங்டன் மாதிரி பெரிய கம்பெனிகள் இருந்தபோது அமெரிக்காவில் தனி ஆட்கள் எதற்காகத் தாங்களே தோட்டா வடிவமைத்தார்கள், அது எப்படி அவர்களால் முடிந்தது?

எந்தக் கம்பெனியும் தயாரித்து விற்காத, அதிகாரபூர்வ அளவு என்று எதுவும் இல்லாத தோட்டாதான் வைல்ட்கேட். கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தைச் சுருக்கியோ விரித்தோ, கழுத்துக்குக் கீழே கூடு சரிந்து அகலமாகிற இடமான தோளை முன்னே பின்னே நகர்த்தியோ, வேறு குறுக்களவுள்ள குண்டு உட்காருகிற மாதிரி மாற்றிவிடுவார்கள். பெரும்பாலான இடங்களில் இந்த விளக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை, ஏனென்றால் கூட்டை மாற்றுவது இதில் சின்ன வேலை. மாற்றிய கூடு போய் உட்காருவதற்கு ஒரு சேம்பர், அதாவது குழலின் பின்முனையில் அதே வடிவத்தில் ஒரு குழி வேண்டும், அந்த சேம்பரைக் குழலில் வெட்டித் தர ஒரு ஆள் வேண்டும். அவர் இல்லாவிட்டால் கையில் இருப்பது வெறும் பித்தளைதான். பெயர் வாங்கியவர்கள் பெரும்பாலும் யோசனை சொன்னவர்களும் பத்திரிகையில் எழுதியவர்களும். வெட்டிக் கொடுத்தவர்கள் அடிக்குறிப்பில் போய்விட்டார்கள். அதனால் இந்தக் கதையைப் பட்டறைப் பக்கமிருந்தே சொல்லப்போகிறேன்.

லேத்தில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சேம்பர் வெட்டுகிற ரீமர் என்பது தோட்டாவின் வெளி வடிவத்திலேயே கடைந்து, கடினப்படுத்தி, சாணை பிடித்த ஒரு வெட்டுக்கருவி. விளிம்பில்லாத கூடு என்றால் அது சேம்பருக்குள் தன் தோளை முட்டுக் கொடுத்துத்தான் நிற்கிறது. அந்தத் தோளின் இடம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு ஆழமாகப் போனாலே போதும், சுடும்போது கூடு நீண்டு, அடிப்பக்கம் ஓரமாக மெலிந்து, ஒரு நாள் அறுந்துவிடும். அப்போது உள்ளே இருக்கும் வாயு, கன்னம் வைத்திருப்பவரின் முகத்தை நோக்கி வரும். பொது அளவு இல்லாத தோட்டாவுக்கு அளவு எங்கிருந்து வரும்? சேம்பர் வெட்டிய துப்பாக்கிக் கொல்லரின் ரீமர்தான் அளவு. ஒரே பெயருள்ள தோட்டாவை இரண்டு பட்டறைகள் செய்தால் ஒன்றின் கூடு இன்னொன்றின் சேம்பரில் நுழையாமல் போகலாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ரைஃபிளை வாங்கும்போதே அந்தச் சேம்பருக்குப் பொருந்துகிற டைகளையும், அதாவது கூட்டை அழுத்தி வடிவமாக்கும் அச்சுகளையும், அதே கையிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

சரி, ஆரம்பத்துக்குப் போவோம். வைல்ட்கேட் காலத்துக்கு முந்தைய தலைமுறையில் மறக்கக் கூடாத ஆள் ஹாரி போப். 1861இல் பிறந்தவர், எம்.ஐ.டி.யில் படித்தவர், ஹார்ட்ஃபர்டில் குழல் வெட்ட ஆரம்பித்தார். ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் அமெரிக்க நகரங்களில் நடத்திய ஷூட்சன் குறிபார்ப்புப் போட்டிகளுக்கு அவர் குழல் என்றால் தனி மரியாதை. நின்றபடி, எதிலும் சாயாமல், 200 கஜத்தில் இருக்கும் இலக்கைச் சுடும் போட்டி அது. போப்பின் குழலுக்குள் குண்டைச் சுழலவைக்க வெட்டிய எட்டு வரிகள், இடப்பக்கச் சுழற்சி, வாயை நெருங்க நெருங்கச் சுழற்சி கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடும். அவர் ரைஃபிளில் வெடிமருந்தடைத்த கூடு பின்பக்கம் போகும், ஈயக் குண்டோ குழலின் வாய் வழியாகப் போகும். குண்டு வாய்க்குள் நுழையும்போது நசுங்கக் கூடாது என்பதற்காக 'பொய் வாய்' என்று ஒரு துண்டு வைத்திருப்பார்கள். அது வேறு உலோகம் இல்லை, அதே குழலின் நுனியை, வரி வெட்டுவதற்கு முன்பே அறுத்தெடுத்து, முளை வைத்து மறுபடி பொருத்தி, பிறகு இரண்டையும் சேர்த்தே வரி வெட்டியது. அதனால் பொய் வாயின் ஒவ்வொரு வரியும் குழலின் வரியோடு பிசகாமல் சேரும். குண்டை அதன் வழியாக அழுத்தித் தள்ளிவிட்டு, துண்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சுடுவார்கள். குழலின் உண்மையான வாயில் தேய்மானமே இருக்காது.

1901இல் ஸ்டீவன்ஸ் கம்பெனி அவருடைய குழல் தொழிலை வாங்கிக்கொண்டது, கொஞ்ச காலத்தில் அவர் வெளியே வந்துவிட்டார். பிறகு சான் பிரான்சிஸ்கோ போய்ப் பட்டறை போட்டார், அது 1906. அந்த ஏப்ரலில் வந்த நிலநடுக்கமும் தீயும் எல்லாவற்றையும் கொண்டுபோயின. மறுபடி கிழக்கே வந்து நியூ ஜெர்சியில், ஜெர்சி சிட்டியில் உட்கார்ந்தவர் 1950இல் சாகும்வரை அங்கேதான். எப்போது தருவேன் என்று சொல்லமாட்டேன், வேலை சரியாக முடிந்ததும் வாங்கிக்கொள், இல்லையென்றால் வேறு இடம் பார் என்ற பொருளில் அவர் பட்டறையில் ஓர் அறிவிப்பு தொங்கியது. வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிப்போனார்கள். போப் வைல்ட்கேட் ஆள் இல்லை என்று சிலர் வாதிடுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு தனி மனிதன் கம்பெனியைவிட நல்ல குழல் செய்ய முடியும் என்ற நம்பிக்கையை வாங்குபவர்கள் மனதில் விதைத்தவர் அவர்தான். அது இல்லாமல் பிறகு வந்தவர்களிடம் யார் பணம் கொடுத்து ஆர்டர் செய்திருப்பார்கள்?

அதே காலத்தில் மாசசூசெட்ஸில் மில்ஃபர்ட் என்ற ஊரில் ஃபிராங்க்ளின் மான் என்ற மருத்துவர், துல்லியம் எங்கே கெடுகிறது என்ற ஒரே கேள்வியோடு பல பத்தாண்டு செலவழித்தார். துப்பாக்கியை மனிதக் கை தொடக் கூடாது என்று கான்கிரீட் தூண் கட்டி, அதன் மேல் குழலை வைத்துச் சுட்டுப் பார்த்தார், முடிவுகளை 1909இல் புத்தகமாகப் போட்டார். அவருக்கு வேண்டிய குழல்களைச் செய்து தந்தவர்களில் போப்பும் உண்டு, அதே மாநிலத்தில் மால்டன் ஊரிலிருந்த அடால்ஃப் நீட்னரும் உண்டு.

இந்த நீட்னர்தான் என்னைப் பொறுத்தவரை வைல்ட்கேட் கதையின் நடுத்தூண். பிறகு மிச்சிகனில் டொவேஜியாக் என்ற சின்ன ஊருக்குப் போய் நீட்னர் ரைஃபிள் கார்ப்பரேஷன் நடத்தினார். ராணுவத்தின் .30-06 கூட்டை .25 அங்குலக் குண்டின் அளவுக்குக் கழுத்தைச் சுருக்கி 1920இல் அவர் கொண்டுவந்த .25 நீட்னர், இன்று .25-06 என்ற பெயரில் உலகம் முழுக்க விற்கிறது. ரெமிங்டன் அதை ஏற்றுக்கொண்டு பெட்டியில் போட்டது 1969இல். நடுவே 49 வருடம். நெட் ராபர்ட்ஸ் என்ற எழுத்தாளர் 7 மில்லிமீட்டர் மௌசர் கூட்டை .25க்குச் சுருக்க நினைத்தபோது சேம்பர் வெட்டித் தந்ததும் நீட்னர் பட்டறைதான். ரெமிங்டன் தோளைக் கொஞ்சம் மாற்றி 1934இல் அதை .257 ராபர்ட்ஸ் என்று விற்றது. பெட்டியில் ராபர்ட்ஸ் பெயர் இருக்கிறது, நீட்னர் பெயர் இல்லை. நான் ஆரம்பத்தில் சொன்னேனே, அதுதான் இது.

பெரிய கம்பெனிகள் இருக்கும்போது தனி ஆட்கள் எதற்கு என்பதும் கேள்வி, அப்படியானால் கம்பெனிகள் தூங்கினவா? அவர்கள் தூங்கவில்லை, அவர்களுடைய கணக்கு வேறாக இருந்தது. அன்றைய அமெரிக்க வேட்டைக்காரர் கையில் இருந்தது, அடியிலுள்ள நெம்புகோலை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் லீவர் ரைஃபிள், .30-30 தோட்டா. அது லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தபோது, அந்தப் பொறியால் தாங்க முடியாத அழுத்தமுள்ள தோட்டாவை எதற்காகக் கொண்டுவர வேண்டும்? புகையில்லா மருந்து வந்து, 1906இல் .30-06 வந்து, தாழ்ப்பாள் போல் பூட்டும் போல்ட் ஆக்‌ஷன் என்ற இயங்குபொறியின் வலிமை எல்லோருக்கும் தெரிந்த பிறகும், வலிமையான தோட்டாவுக்கான அந்த இடைவெளி அப்படியே திறந்து கிடந்தது. அதற்குள் நுழைந்தவர் ஒரு வக்கீல்.

சார்லஸ் நியூட்டன், 1868இல் பிறந்தவர், நியூயார்க் மாநிலத்தில் பஃபலோவில் வக்கீல் தொழில். 1912இல் சாவேஜ் கம்பெனி விற்க ஆரம்பித்த .22 ஹை பவர் இவர் வடிவமைப்பு. சீனாவில் ஃபூஜியன் பகுதியில் இருந்த ஹாரி கால்ட்வெல் என்ற மிஷனரி அந்தச் சின்னத் தோட்டாவால் புலிகளையே சுட்டார், அதனால் அதற்கு வந்த பெயர் அதன் தகுதிக்கு மீறியது என்பது என் எண்ணம். நானாக இருந்தால் புலிக்கு எதிரே அதை எடுத்துக்கொண்டு நிற்கமாட்டேன். அப்புறம் 1915இல் .250-3000. இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். நியூட்டன் 100 கிரெய்ன் (குண்டை எடைபோடும் சிறிய அளவு) எடையுள்ள குண்டைத்தான் விரும்பினார், வேட்டைக்கு அதுதான் சரி. ஆனால் சாவேஜ் விளம்பரத்தில் விநாடிக்கு 3000 அடி என்று போட ஆசைப்பட்டது, அந்த வேகம் வருவதற்காக 87 கிரெய்ன் குண்டாகக் குறைத்தது. தோட்டாவின் பெயரிலேயே வேகம் ஏறிவிட்டது. விற்பனையும் அள்ளிக்கொண்டு போனது.

நியூட்டனின் பெரிய கனவு வேறு. .30-06 கூட்டைச் சுருக்கி .256 நியூட்டன், அதைவிடப் பருத்த கூட்டில் .30 நியூட்டன், .35 நியூட்டன். இதில் .30 நியூட்டன் முதலில் ஃபிரெட் அடால்ஃப் என்ற, நியூயார்க் மாநிலத்து ஜெனோவா ஊரில் பட்டறை வைத்திருந்த ஜெர்மானியக் கொல்லருக்காகப் பிறந்தது, அப்போது அதற்கு அவர் பெயர்தான் இருந்தது. கூட்டின் அடியில் பெல்ட் என்ற வளையம் இல்லாத, குட்டையான, பருத்த, வேகமான மேக்னம், அதாவது அதிகச் சக்தியுள்ள தோட்டா என்று இன்று புதிதாக விளம்பரம் செய்கிறார்களே, அந்த யோசனை அங்கே அப்படியே இருக்கிறது. 1914இல் நியூட்டன் சொந்தக் கம்பெனி தொடங்கினார், ஜெர்மனியிலிருந்து மௌசர் ரைஃபிள்களை வரவழைத்து அதில் தன் தோட்டாவுக்குச் சேம்பர் வைப்பது திட்டம். ஆகஸ்டில் உலகப் போர் வெடித்தது, ஜெர்மனிச் சரக்கு நின்றது. மனம் தளராமல் சொந்தமாக ரைஃபிள் வடிவமைத்து, தொழிற்சாலை போட்டு, சரக்கு வெளியே வர ஆரம்பித்த நேரத்தில் 1917இல் அமெரிக்காவே போரில் இறங்கியது, 1918இல் கம்பெனி நீதிமன்ற நிர்வாகத்தின் கைக்குப் போனது. திரும்பத் திரும்ப முயற்சி செய்தார், எதுவும் நிலைக்கவில்லை, 1932இல் இறந்தார். போரும் பணமும் அவரைக் கவிழ்த்தன என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். மருந்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பேன். அவ்வளவு பெரிய கூட்டிலிருந்து முழுப் பலனும் கிடைக்க வேண்டுமென்றால் மெதுவாக எரிகிற மருந்து வேண்டும், அவர் காலத்தில் அதற்கேற்ற மருந்து கடையில் இல்லை. கூட்டின் கொள்ளளவைச் சரியாகக் கணித்த மனிதருக்கு, அதை நிரப்பப் பொருத்தமான சரக்கு கிடைக்காமலே போனது. இதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. ராணுவத்தின் 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளைத் தேசிய ரைஃபிள் சங்க உறுப்பினர்கள் அரசிடமிருந்தே வாங்க முடிந்தது. வலிமையான ஆக்‌ஷன், நல்ல குழல், ஆனால் தோளில் சாய்த்துப் பிடிக்கும் மரக்கட்டை மட்டும் சிப்பாய்க்குச் செய்தது. அதை மாற்றிக்கொடுப்பதே ஒரு தொழிலானது. லாஸ் ஏஞ்சலஸில் லுட்விக் வுண்டஹாமர் 1910 வாக்கிலேயே ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வேட்டைக்கட்டை போட்டுக் கொடுத்திருந்தார், உள்ளங்கையை நிரப்புகிற மாதிரி பிடியில் அவர் விட்ட புடைப்புக்கு இன்றும் அவர் பெயர்தான். நியூயார்க்கில் சீமோர் கிரிஃபின் என்ற மரச்சாமான் தச்சர், வால்நட்டில் அப்படியே செய்துகொண்டிருந்தார். ஃபிலடெல்ஃபியாவில் ஃபிராங்க்ஃபர்ட் ஆயுதச்சாலையில் ஜேம்ஸ் ஹோவ் என்ற ஃபோர்மன், இரும்பு வேலையில் கெட்டிக்காரர். அந்த ஆயுதச்சாலைக்கு அப்போது தலைமை அதிகாரி டவுன்சென்ட் வீலன். மரக்காரரையும் இரும்புக்காரரையும் சேர்த்துவைத்தவர் இந்த வீலன்தான், 1923இல் கிரிஃபின் அண்ட் ஹோவ் பிறந்தது. சில மாதத்தில் ஹோவ் விலகி ஓஹியோவின் ஹாஃப்மன் கம்பெனிக்குப் போய்விட்டார், பெயர் மட்டும் கடையில் நின்றது, இன்றுவரை நிற்கிறது.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1922இல், வீலனும் ஹோவும் .400 வீலன் என்ற தோட்டாவில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். .30-06 கூட்டின் கழுத்தை .40 வரை விரித்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்து பாருங்கள். கழுத்து உடம்பின் அகலத்தை நெருங்கிவிடும், தோள் என்று மிஞ்சுவது நகக்கண் அளவு. கூடு முட்டி நிற்க வேண்டிய இடமே அதுதான் என்று மேலே சொன்னேன். தோள் போதுமா போதாதா என்ற சண்டை இன்னும் தீரவில்லை. அந்த வேலை நடக்கும்போது ஹோவ் தானாகவே அதே கூட்டை .35க்கு விரித்துப் பார்த்தார், தோள் நன்றாகவே நின்றது. அதற்கு .35 வீலன் என்று பெயர் வைத்தார். இது ஹோவின் வேலை என்று வீலனே எழுதியிருக்கிறார், அந்த நேர்மைக்காக அவரைப் பிடிக்கும். ஆனால் ரெமிங்டன் 1980களின் பிற்பகுதியில் அதைத் தன் பட்டியலில் சேர்த்தபோது பெட்டியில் இருந்தது வீலன்தான்.

இதற்கு நடுவே நம் நாட்டுத் தொடர்பு ஒன்று. பட்டறைகள் கூட்டின் அளவை மாற்றிப் புதுத் தோட்டா செய்த கதை இங்கிலாந்திலும் உண்டு, அதற்குக் காரணமே இந்தியா. 1907இல் பிரிட்டிஷ் அரசு .450 ரைஃபிள்களை இந்தியாவுக்குள் தடை செய்தது, கலகக்காரர்கள் கையிலிருந்த பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டு பயன்படும் என்ற பயம். யானை, காட்டெருது வேட்டைக்குப் பெரிய ரைஃபிள் கேட்டவர்களுக்காக பிரிட்டிஷ் கொல்லர்கள் .450ஐ விட்டுவிட்டு .465, .470, .476 என்று அடுத்தடுத்து இறக்கினார்கள். அவற்றில் .470 இன்றும் செய்கிறார்கள். அங்கே அரசாணை தள்ளியது, அமெரிக்காவில் ஆட்களின் ஆசை தள்ளியது.

அந்த ஆசை எங்கே அதிகம் என்றால், நியூயார்க், பென்சில்வேனியா பக்கத்து விவசாய நிலங்களில். புல்வெளிகளில் வளை தோண்டும் வுட்சக் என்ற பிராணி, மாடும் குதிரையும் காலை விட்டுக்கொள்கிற குழிகளை உண்டாக்கும். 200 கஜத்துக்கு அப்பால் தலையை மட்டும் நீட்டும் அதைச் சுட, தட்டையாகப் பறக்கிற சின்னக் குண்டு வேண்டும், வயலைச் சுற்றி வீடுகள் இருப்பதால் சத்தமும் குண்டு தரையில் பட்டு எகிறுவதும் குறைவாக இருக்க வேண்டும். .22 வைல்ட்கேட்கள் இவ்வளவு பெருகியதற்கு இந்தப் பிராணிதான் காரணம். 1920களில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலையில் க்ரோஸ்வெனர் வாட்கின்ஸ், வுட்வர்த், வீலன் ஆகியோர் 1885இலிருந்து இருந்த .22 வின்செஸ்டர் கூட்டில் புகையில்லா மருந்தும் நல்ல குண்டும் வைத்துப் பார்த்ததுதான் .22 ஹார்னெட். 1930இல் வின்செஸ்டர் தோட்டாவை விற்பனைக்கு விட்டது. அப்போது அதைச் சுடுகிற ரைஃபிளை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை! தோட்டா கடையில், துப்பாக்கி பட்டறையில். தனிக் கொல்லர்கள் சேம்பர் வெட்டிக் கொடுத்த ரைஃபிள்களுக்காகத்தான் அந்தப் பெட்டிகள் விற்றன, கம்பெனி ரைஃபிள்கள் பிறகே வந்தன.

அதன்பின் அணை உடைந்தது மாதிரிதான். ஹெர்வி லவல், ஹார்வி டொனால்ட்சன், ஹார்னெட்டின் தோளைக் கூர்மையாக்கிய லைசில் கில்போர்ன் என்று வரிசையாக வந்தார்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிப் பதிலே எழுதலாம், இப்போது வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். .250-3000 கூட்டை .22க்குச் சுருக்குவதை வாட்கின்ஸ் உட்படப் பலர் முயன்றார்கள். வின்செஸ்டர் 1935இல் .220 ஸ்விஃப்ட் கொண்டுவந்தபோது அந்தக் கூட்டை விட்டுவிட்டு, கடற்படையின் பழைய 6 மில்லிமீட்டர் லீ கூட்டிலிருந்து செய்தது, விநாடிக்கு 4110 அடி என்று அறிவித்தது. விடப்பட்ட கூட்டைப் பிடித்துக்கொண்டவர்களில் ஜே.இ. கெபியும் ஜே. புஷ்னெல் ஸ்மித்தும் முக்கியமானவர்கள். 1937 வாக்கில் 'வார்மின்டர்' என்று பெயர் வைத்து, கெபி அதை வணிகச் சின்னமாகவே பதிவு செய்துவிட்டார். மற்றக் கொல்லர்கள் அந்தப் பெயரைப் போட முடியாமல் .22-250 என்று கூட்டின் வம்சத்தைப் பெயராக்கினார்கள். அந்தப் பெயர்தான் நிலைத்தது. 1963இல் பிரௌனிங் இந்த வைல்ட்கேட்டுக்கு ரைஃபிளே விற்க ஆரம்பித்தது, 1965இல் ரெமிங்டன் தோட்டாவைத் தயாரித்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இரண்டு பேர். ஒருவர் புரூஸ் ஹாட்ஜ்டன், கான்சஸ்காரர், ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கி அரசின் மிச்ச மருந்தை டன் கணக்கில் வாங்கினார். அதில் 20 மில்லிமீட்டர் பீரங்கிக்குச் செய்த 4831 என்ற மருந்து மிக மெதுவாக எரியும். நியூட்டனுக்குக் கிடைக்காமல் போனது அதுதான், அவர் இறந்து கிட்டத்தட்ட இருபது வருடம் கழித்து மலிவு விலையில் வந்தது. பெரிய கூட்டு வைல்ட்கேட்கள் அந்தக் காலத்தில் குவிந்ததற்கு வேறு விளக்கமே தேவையில்லை.

இன்னொருவர் பி.ஓ. ஆக்லி. நியூயார்க் மாநிலத்தில் உருளைக்கிழங்கு விவசாயம் செய்துகொண்டிருந்தவர், 1936இல் ஒரிகனில் ரோஸ்பர்க் ஊரில் ஒரு பட்டறையை விலைக்கு வாங்கினார். போருக்குப் பின் கொலராடோவில் டிரினிடாட் ஊர்க் கல்லூரியில் துப்பாக்கித் தொழில் கற்றுக்கொடுத்தார், பிறகு சால்ட் லேக் சிட்டி. அவர் செய்த 'இம்ப்ரூவ்டு' தோட்டாக்களின் அழகு இதுதான்: கூட்டின் பக்கச் சரிவை நிமிர்த்தி, தோளை 40 பாகை வரை செங்குத்தாக்கிவிடுவார், ஆனால் பழைய கம்பெனித் தோட்டாவும் அதே சேம்பரில் பத்திரமாகச் சுடும்படி அளவு வைப்பார். கடையில் வாங்கிய சாதாரணத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், உள்ளே போனது சரிந்த தோளோடு போகும், வெளியே வருவது சேம்பரின் அச்சில் வார்த்த மாதிரி கூர்மையான தோளோடு விழும். கூட்டை வடிவமாக்க டை வேண்டாம், தனிக் கூடு வேண்டாம், சுடுவதே கூட்டை உருவாக்கிவிடுகிறது. ஊரில் தன் தோட்டா தீர்ந்துபோனாலும் வேட்டை நிற்காது. தான் செய்தவை உட்பட எல்லா வைல்ட்கேட்டும் தேவையானது என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை, பலவற்றில் லாபம் சொற்பம் என்று வெளிப்படையாகவே எழுதினார். ராணுவ ஆக்‌ஷன்களை உடையும்வரை அழுத்தம் ஏற்றிச் சோதித்துப் பார்த்தவரும் அவர்தான், அதில் மற்றவற்றைவிட அதிகம் தாங்கியது, எல்லோரும் ஏளனமாகப் பேசிய ஜப்பானிய அரிசாகா ரைஃபிளின் ஆக்‌ஷன்.

ஆக்லி 1989இல் இறந்தார். 2007 வாக்கில் நாஸ்லர் கம்பெனியின் முயற்சியில் .280 ஆக்லி இம்ப்ரூவ்டு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் அமைப்பின் அளவுப் பட்டியலில் ஏறியது. இப்போது கடையில் வாங்கும் ரைஃபிளின் குழலிலேயே அந்தப் பட்டறைக்காரரின் பெயர் பொறித்து வருகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: பதிவான அளவுக்கும் பழைய பட்டறைகள் வெட்டிய சேம்பருக்கும் தோளின் இடத்தில் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு அளவுக்கு வித்தியாசம் உண்டு, அதனால் அந்தக் காலத்து ஆக்லி ரைஃபிள் யாரிடமாவது இருந்தால், புதுப் பெட்டித் தோட்டாவைப் போடுவதற்கு முன் சேம்பரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.